கடைசி இலைக்குப் பொழிப்புரை

“அண்ணே, ஒரு சந்தேகம். பந்தியில எல்லா எலைக்கும் தண்ணி தெளிக்கிறாங்க, உப்பு வைக்கிறாங்க. கடைசி எலையில மட்டும் ஆளே உக்காரல. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த எலை அப்படியே கெடக்கு. என்ன அர்த்தம்?”

சிம்மக்கல்லில், காலை எட்டரை மணிக்கு, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஜஸீலா இப்படிக் கேட்டாள். இலைக்கடை கண்ணுச்சாமி கத்தியைக் கீழே வைக்கவில்லை. நுனி இலையைத் தனியே அறுத்துப் போட்டபடி, “எண்ணத் தெரியாதவன் எலை போட்டிருக்கான். வேற என்ன?” என்றார்.

ஜஸீலா கைப்பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் பென்சிலால் ‘எண்ணத் தெரியாதவன்’ என்று எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை. “அப்பறம்ணே?” என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போனது. தல்லாகுளம் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது.

ஜஸீலா காஜிமார் தெருக்காரி. நாற்பத்து மூன்று வயது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். பதினான்கு வருடமாகக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். “கௌரவம்னு பேரு வச்சாங்க சாருக்கா, உக்கார நாற்காலி வைக்கல” என்பாள். சாருக்கா என்பது நான்தான், சாருலதா. வேறொரு கல்லூரியில் நிரந்தர வேலையில் இருக்கிறேன், நாற்காலியும் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, விடைத்தாள் திருத்தும் முகாமில், நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். அந்தப் பழக்கத்துக்கு வயது பன்னிரண்டு.

மதுரையைச் சுற்றி நீங்களோ உங்கள் பிள்ளைகளோ கல்லூரியில் பொதுத்தமிழ் படித்திருந்தால், ஜஸீலாவின் வாக்கியங்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. டவுனுக்குள் ஒரு சந்தில் இருக்கும் பதிப்பகத்துக்கு அவள் நோட்ஸ் எழுதுகிறாள். அட்டையில் ‘பேராசிரியர் குழு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். குழு என்றால் ஜஸீலா. முதலாளியின் மைத்துனர் பிழை பார்ப்பார். அவரையும் சேர்த்துக்கொண்டால் ஒன்றரை ஆள்.

புதுக்கவிதைதான் அவள் பாடு. சாதி, சமத்துவம், ‘நான் எந்த ஊர்க்காரன்’ என்ற கேள்வி, இப்படிப்பட்ட கவிதைகள் பாடத்திட்டத்தில் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: இது எதன் குறியீடு? கதவு எதன் குறியீடு, செருப்பு எதன் குறியீடு, கிணறு எதன் குறியீடு? பிள்ளைகளுக்கு உடனே பதில் வேண்டும். ஜஸீலாவுக்கு உடனே பதில் வராது. ஐந்து பேரிடம் கேட்டாக வேண்டும். கிணற்றைப் பற்றித் தண்ணீர் லாரி டிரைவரிடம் கேட்டிருக்கிறாள். “அர்த்தமா? வத்திப்போச்சுன்னு அர்த்தம்” என்றாராம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கும் ஆளைப் பற்றி, செருப்புத் தைப்பவரிடமே போய்க் கேட்டாள். “வார் அந்துருக்கும்மா, கொண்டாரச் சொல்லுங்க” என்று அவர் ஊசியை எடுத்துவிட்டார். எல்லாம் பஸ் டிக்கெட்டின் முதுகில் ஏறும். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் இலவச டிக்கெட் வந்த பிறகு அவளுக்குக் காகிதப் பஞ்சமே இல்லை.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் நோட்ஸில் ‘என்றும் கொள்ளலாம், என்றும் கொள்ளலாம்’ என்று அடுக்கி எழுதிக் கொடுப்பாள். முதலாளி போன் போட்டுப் புலம்புவார். “மேடம், பிள்ளைகளுக்கு ஒரு அர்த்தம் போதும். ரெண்டு குடுத்தா கொழம்பிரும்.”

“எனக்கே கொழம்புது. அதுகளுக்கு மட்டும் கொழம்பாம இருந்தா எப்படி?” என்பாள் இவள்.

நான் வகுப்பில் நோட்ஸைத் தொடக் கூடாது என்று அதட்டுகிறவள். அதட்டிவிட்டு, அதே நோட்ஸைப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து, பார்த்துப் பார்த்துக் குறிப்பு சொல்கிறவள். என்மேல் குற்றமில்லை என்று எழுத ஆசைதான். கை வரமாட்டேன் என்கிறது.

இனி அந்தக் கவிதை. ‘பந்தி’ என்று பெயர். ஆறு வருடமாகப் பாடத்தில் இருக்கிறது. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் அவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. சின்னக் கவிதை:

எல்லா இலைக்கும் தண்ணீர் தெளித்தார்கள்.
கடைசி இலைக்கும்.
எல்லா இலைக்கும் உப்பு வைத்தார்கள்.
கடைசி இலைக்கும்.
சாப்பிட்டு, இலை மூடி, எழுந்தோம்.
கடைசி இலை
திறந்தே கிடந்தது.

நோட்ஸில் இதற்குள்ள விளக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ‘காலியாகக் கிடக்கும் கடைசி இலை, சமூகப் பந்தியில் இடம் மறுக்கப்பட்ட மனிதனின் குறியீடு. தண்ணீர் அவனது கண்ணீரைக் குறிக்கும். உப்பு அவனது உழைப்பின் வியர்வையைக் குறிக்கும். இலையின் பச்சை, சமத்துவம் மலரும் என்ற நம்பிக்கையைக் குறிக்கும்.’ கேட்க ஜம்மென்று இருக்கிறதா இல்லையா? ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் இதை ஒரு கமா பிசகாமல் எழுதியிருப்பார்கள்! நாங்களும் பிசகாமல் மார்க் போட்டோம்.

“அந்த ஒண்ணுதான்க்கா யார்ட்டயும் கேக்காம எழுதுனது” என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஜஸீலா சொன்னாள். மகள் ஃபாயிஸாவுக்கு அப்போது டைபாய்டு. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். “அதுலயும் பாருங்க, எங்கம்மா கீழக்கரை. எங்க வீட்டு விசேஷத்துல ஆளுக்கொரு எலையே கெடையாது. ஒரு சஹன்ல நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். ஒரு ஆளு வரலன்னா மூணு பேரு நெருங்கிக்கிருவோம். வராத ஆளுக்குன்னு எடமே தெரியாது. எனக்கு எங்கிட்டு இருந்து காலி எலையைப் பத்தித் தெரியும்? குத்துமதிப்பா எழுதிட்டேன்.”

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அந்தப் பழக்கமோ என்னவோ, முகாமிலும் அவள் டப்பாவைத் திறந்தால் தன் பக்கம் வைக்கமாட்டாள். பெஞ்சின் நடுவில்தான் வைப்பாள். நம் கை தானாக நீண்டுவிடும்.

முந்தின நாள் நடந்ததைச் சொல்லாமல் இலைக்கடைக்கு ஏன் வந்தோம் என்பது புரியாது. இந்த வருட முகாம் தல்லாகுளம் பக்கம் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. பேப்பர் எங்கள் கைக்கு வரும்போது பெயர், ஊர், கல்லூரி எதுவும் இருக்காது. முகப்பைக் கிழித்துவிட்டு ஒரு எண் போட்டிருப்பார்கள். யார் பிள்ளை, என்ன ஆள் என்று ஒரு விவரமும் தெரியாது. இந்த ஊரில் அப்படி யாரையும் விசாரிக்காமல் மதிப்புப் போடும் இடம் வேறு இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. அன்றைக்கு ஜஸீலாவுக்கு வந்தது அரியர் கட்டு. ஏற்கெனவே தோற்றவர்கள் மறுபடி எழுதியது. ‘கடைசி இலை எதன் குறியீடு? விளக்குக’ என்பது பத்து மார்க் கேள்வி. இருபது பேப்பர் வரைக்கும் கண்ணீரும் வியர்வையும் சரளமாக ஓடின. இருபத்தோராவது பேப்பரைப் படித்தவள், பேனாவை மூடிவிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினாள். அதில் இப்படி இருந்தது:

‘நோட்ஸில் வேறு மாதிரி இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் இந்த இலை உண்டு. எங்கக்கா வேற ஆளுகளில் கல்யாணம் முடித்துப் போய்விட்டது. வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டது. அதிலிருந்து பொங்கல், கெடாவெட்டு எது வந்தாலும் அம்மா ஒரு இலை கூடுதலாகப் போடும். தண்ணீர் தெளிக்கும். உப்பு வைக்கும். அதில் யாரையும் உட்கார விடாது. அப்பா ஒன்றும் சொல்லாது. ஆனால் அந்த இலையைத் தாண்டாது, சுற்றித்தான் போகும். எல்லாரும் இலையை மூடின பிறகும் அம்மா அதை மூடாது. அதனால் கடைசி இலை இடம் இல்லை என்பதன் குறியீடு இல்லை. இடம் இருக்கிறது என்பதன் குறியீடு. உப்பு வியர்வை இல்லை. உப்பு உப்புதான். எங்கக்காவுக்கு உப்புக் கொஞ்சம் கூட வேணும்.’

நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. படித்திருந்தால் அங்கேயே மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்திருக்கும்.

“அம்மா போடும், அப்பா தாண்டாதுன்னு எழுதியிருக்கு பாருங்க. பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளையா இருக்கும்க்கா” என்றாள் ஜஸீலா. “பையனா பொண்ணா தெரியல. இதுக்கு நான் எம்புட்டு போட?”

மற்ற கேள்விகளில் அந்தப் பிள்ளைக்கு மொத்தம் இருபத்து நான்கு. பாஸாக முப்பது வேண்டும். பத்துக்குப் பத்து போட்டால் கண்ணை உறுத்தும் என்று ஏழு போட்டாள். முப்பத்தொன்று. பாஸ்.

முகாமின் தலைமைத் தேர்வாளர் ஹாலாஸ்யம் சார். ஐம்பத்தெட்டு வயது. தப்பாக ஒரு கூட்டல் போனாலும் இரவு தூங்காத மனிதர். ஒவ்வொரு கட்டிலும் நாலைந்து பேப்பரை உருவிப் பார்ப்பார். அன்றைக்குச் சரியாக இதை உருவினார். படித்தார். முகம் கொஞ்சம் மாறியது மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது இதுதான்: “நன்னாத்தான் எழுதியிருக்கு. கீ-ல இல்லையேம்மா. கீ-ல இல்லாததுக்கு ஏழு போட்டா நாளைக்கு என் தலைதான் உருளும். சைபர்னு போடுங்கோ. இல்லேன்னா கீ ஏன் தப்புன்னு சொல்லுங்கோ. கட்டு பீரோவுல இருக்கட்டும், நாளைக்குக் காலையில முடிவு பண்ணலாம்.”

விடைக்குறிப்பைத்தான் அவர் கீ என்கிறார். அந்தக் கீ எங்கிருந்து வந்தது? ஜஸீலாவின் நோட்ஸிலிருந்து. யாரோ வரிக்கு வரி எடுத்து எழுதியிருக்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சொல்லவும் முடியாது. நோட்ஸ் எழுதுகிறவர்கள் பேப்பர் திருத்தக் கூடாது. நோட்ஸ் எழுதியதில்லை என்று முகாமின் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அவளும் போட்டிருக்கிறாள். வெளியே தெரிந்தால் முகாம் மட்டும் போகாது, ஜூன் மாதக் கௌரவ விரிவுரையாளர் பட்டியலில் பெயரும் போகும். கணவர் ஜுல்பிகருக்குத் தையல் மிஷின் ரிப்பேர்க் கடை. வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீடு இவள் தலையில்தான் நிற்கிறது. ஆகவே, அந்தப் பிள்ளை மறுபடி தோற்க வேண்டும், அல்லது இவள் வேலையை விட வேண்டும். நடுவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இவள் காலையில் எழுந்து, இலை விற்கிறவரிடம் அர்த்தம் கேட்கப் போகலாம் என்கிறாள்!

“அப்பறம்ணே?” என்று அவள் இரண்டாம் முறை கேட்டதும் கண்ணுச்சாமியின் கத்தி நின்றது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்திருக்க வேண்டும்.

“தங்கச்சி, நான் சின்னப்பிள்ளையா இருக்கையில ஊர்ல விசேஷ வீடுகள்ல எங்களுக்குப் பந்தி கெடையாது. ஏனத்தைக் கொண்டுபோயி பின்வாசல்ல நிப்போம். வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சுத் தின்போம். எங்களுக்கு யாரும் எலை போட்டதில்ல. நீங்க சொல்றதுல எலை போட்டிருக்கு, தண்ணி தெளிச்சிருக்கு, உப்பும் வச்சிருக்கு. ஒதுக்குறவன் இம்புட்டுப் பாடுபட மாட்டான்.”

சொல்லிவிட்டு மறுபடி அறுக்க ஆரம்பித்தார். ஜஸீலாவுக்கு இந்தப் பதிலை எழுத ஒரு டிக்கெட் போதவில்லை. இரண்டாவதை எடுத்தாள். எழுதும்போது பென்சில் முனை உடைந்து, என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறினோம். இடம் கிடைத்தது. “அப்ப நான் எழுதுனது தப்புத்தானேக்கா?” என்றாள்.

“தப்புன்னு எப்படிச் சொல்ற? அந்தப் பிள்ளையோட அக்காவை ஒதுக்கித்தானே வச்சிருக்காங்க?”

“ஆமா. அப்பச் சரியா?”

“சரின்னா இலைக்கடைக்காரர் சொன்னது?”

“அதுவும் சரிதான்.” பஸ் வைகைப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரை இருந்தது. திடீரென்று என் கையைப் பிடித்தாள். “சாருக்கா, ‘தெளித்தார்கள்’னு போட்டிருக்கே. யாரு தெளிச்சா? நான் உக்காராத ஆளையே தேடிக்கிட்டு இருந்தேன். எலை போட்ட ஆளைத் தேடவே இல்ல. அந்தப் பிள்ளை வீட்டைப் பாருங்க. வராதேன்னு சொன்னது ஒரு ஆளு, எலை போட்டது ஒரு ஆளு. ரெண்டும் ஒரே வீட்டுல. ரெண்டும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுது. அப்ப அந்த எலை யாரோட எலை?”

இருபத்தாறு வருடம் தமிழ் நடத்தியிருக்கிறேன். யார் தெளித்தது என்று ஒரு நாள் கேட்டதில்லை. “எனக்குத் தெரியலடி” என்றேன்.

“எனக்கும் தெரியலக்கா” என்று அவள் சொன்னபோது அதில் பயம் இருந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்று என்னால் விளக்க முடியாது.

முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, “வெளியூர் போன மகனுக்குப் போட்டிருப்பாக, எதுக்கு இம்புட்டு ரோசனை?” என்றாள். அதுவும் டிக்கெட்டில் ஏறியது.

மண்டபத்தில் ஹாலாஸ்யம் சார் எங்களுக்கு முன்பே வந்து பீரோவைத் திறந்து, அந்தக் கட்டை எங்கள் பெஞ்சில் வைத்திருந்தார். டீ வந்தது. அவர் எங்களோடு நின்று டீ குடிக்கும் வழக்கம் கிடையாது. அன்று காலை நின்றார்.

“ராத்திரி பூரா அந்தப் பேப்பர்தாம்மா,” என்றார். “எங்காத்துல சிராத்தத்துல விஷ்ணு இலைன்னு ஒண்ணு போடுவோம். ஆள் உட்கார மாட்டா. பெருமாளே வந்து சாப்பிடறதா ஐதீகம். சின்ன வயசுல நான் அதுல போய் உட்கார்ந்துட்டு அப்பா கையால வாங்கியிருக்கேன். கவிதையை எத்தனை வருஷமாப் பார்க்கறேன், ஒரு தடவைகூட எனக்கு அது ஞாபகம் வரலை பாருங்கோ.”

ஜஸீலா டிக்கெட்டைத் தேடினாள். நான் அவள் கையை அமுக்கினேன்.

“அப்ப நீங்களே சொல்றீங்கள்ல சார். கீ தப்புன்னு” என்றாள் ஜஸீலா.

“நான் எங்காத்துக் கதையைச் சொன்னேன். கீ தப்புன்னு சொல்லலை.” அவர் பையிலிருந்து நோட்ஸை எடுத்தார். அவரும் வைத்திருக்கிறார்! அட்டையைத் தட்டிக் காட்டினார். “பேராசிரியர் குழுன்னு போட்டிருக்கா? பத்துப் பேர் உட்கார்ந்து விவாதிச்சு எழுதியிருப்பா. நீங்க ஒருத்தர், நான் ஒருத்தன். நம்மாத்துக் கதையை வச்சு அதை அடிச்சுட முடியுமா?”

பெஞ்சுக்கு அடியில் நான் ஜஸீலாவின் காலை மிதித்தேன். வலித்திருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

“குழுவெல்லாம் கெடையாது சார். நான் ஒரு ஆளுதான்.”

எதிர்ப் பெஞ்சில் இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள். ஹாலாஸ்யம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இந்த ஃபேன் சத்தத்துல எனக்குச் சரியாக் காது கேக்கலை. நீங்க ஒண்ணும் சொல்லலை. உட்காருங்கோம்மா.”

நல்ல மனிதர். அவர் திறந்துவிட்ட வழியில் இவள் பேசாமல் நடந்து போயிருக்கலாம். அவள் உட்கார்ந்ததும் எனக்கு மூச்சே வந்தது.

“கேக்கலன்னா எழுதியே தாரேன் சார்” என்றாள்.

விடைக்குறிப்பைத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு படிவம் உண்டு. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அதை வாங்கி நான் பார்த்ததில்லை. இப்போதுள்ள விடை, திருத்திய விடை, காரணம் என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கண்ணீர், வியர்வை எல்லாவற்றையும் நோட்ஸைப் பார்க்காமல் மடமடவென்று எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் நின்றுபோனாள். டிக்கெட்டுகளையெல்லாம் எடுத்துப் பெஞ்சில் பரப்பினாள். எண்ணத் தெரியாதவன், ஒதுக்குறவன் பாடுபட மாட்டான், வெளியூர் மகன். எதையும் எழுத மனசு வரவில்லை, எதையும் விடவும் மனசில்லை. “அக்கா, ஒண்ணு சொல்லுங்களேன்” என்று என்னைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல? ஆறு வருடமாக வியர்வை என்று சொல்லிக் கொடுத்தவள். கடைசியில், ‘இலை யாருக்கு, போட்டவர் யார் என்று மாணவர் தாம் அறிந்ததிலிருந்து காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் தரலாம்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, அதுவும் சரிதானா என்று என்னைக் கேட்டாள்.

மூன்றாவது கட்டத்துக்கு யோசிக்கவே இல்லை. ‘இப்போதுள்ள விளக்கத்தை எழுதியவள் நான். பந்தியைத் தெரியாமல், யாரையும் கேட்காமல் எழுதினேன். நை. ஜஸீலா.’ அத்தா நைனா முகமதுவின் பெயரெழுத்தோடு, அவளுடைய முழுக் கையெழுத்து.

ஹாலாஸ்யம் சார் அதை இரண்டு தடவை படித்தார். “இது மேல போகும். போனா என்னால திரும்ப வாங்க முடியாது. தெரியுமோ?”

“தெரியும் சார்.”

அவர் நின்றபடியே கட்டைப் பிரித்து அந்தப் பேப்பரை எடுத்தார். ஜஸீலா போட்ட ஏழுக்குப் பக்கத்தில் பச்சை மையில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். படிவத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஜூன் பட்டியல் இன்னும் வரவில்லை. வரும்போது அதில் அவள் பெயர் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளும் கேட்பதில்லை.

அன்றைக்கு அவள் அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அவள் அடுத்த பேப்பரை எடுத்தாள். அதில், ஒரு கமா பிசகாமல், கண்ணீர், வியர்வை, பச்சை நம்பிக்கை. அவள் எழுதியதுதான், யாரோ ஒரு பிள்ளையின் கோழிக்கிறுக்கலில். விரல் வைத்து வரிவரியாகக் கடைசிவரை படித்தாள். ஏழு போட்டாள். மதிப்பெண்ணைத் தவிர ஒரு எழுத்து கூடப் பேப்பரில் எழுதக் கூடாது என்பது விதி. எழுதினாலும் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் போகாது, பாஸானவர்கள் யாரும் பேப்பரைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. ஜஸீலா தலையைக் குனிந்து, சிவப்பு மையில், ஓரத்தில் பொடியாக எழுதினாள்: ‘உங்க வீட்ல அந்த இலை யாருக்குப்பா?’